ஃபார்மேட் போடுவதற்கு முன்னால்

ரயில் நேரம் பார்க்கலாம் என்று வீட்டுக் கணினியில் பிரவுசரைத் திறக்கிறீர்கள். தேடுவது என்னவோ கூகுளில்தான். முடிவுகள் வந்து விழுவதோ இதுவரை கேள்விப்பட்டிராத ஒரு தேடல் பக்கத்தில். முதல் முடிவைச் சொடுக்கினால் ஒரு கணம் வெள்ளைத் திரை. முகவரிப் பட்டியில் இரண்டு மூன்று பெயர்கள் மின்னி மறைகின்றன. பிறகு ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று அலறும் சிவப்புப் பெட்டியோ, பரிசு விழுந்திருக்கிறது என்னும் வாழ்த்தோ வந்து நிற்கிறது. பின்னால் போய் அதே முடிவை மறுபடி சொடுக்கினால் சரியான பக்கம் வருகிறது. சரியாகிவிட்டது என்று நினைத்தால், மாலையில் மறுபடியும் அதே கூத்து.

இதில் இரண்டு புதிர்கள் இருக்கின்றன. நாம் தட்டியது சரியாக இருக்கும்போது கணினி எப்படி வழி தவறுகிறது? அடுத்தது, இவ்வளவு பாடுபட்டு உள்ளே புகுந்தவர் பணத்தையும் கடவுச்சொல்லையும் தொடாமல் வெறுமனே வழியை மட்டும் ஏன் திருப்புகிறார்? சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் இரண்டுக்கும் விடை கிடைக்காது. “வைரஸ் சார், ஃபார்மேட் போட்டுடலாம்” என்பார்கள். ஃபார்மேட் சில சமயம் பலிக்கும். பல சமயம் அது தேவையே இல்லை. சில சமயம் போட்டும் பயனில்லை. எப்போது பயனில்லை என்பது புரிந்தால் இந்தத் தொல்லையின் பாதி புரிந்த மாதிரி.

இரண்டாவது புதிர் எளிது, அதை முதலில் அவிழ்த்துவிடலாம். இணையத்தில் விளம்பரம் கொடுப்பவர், அதை யாராவது சொடுக்கினால்தான் பணம் தருவார் என்பது பரவலான ஏற்பாடு. ஆளை அழைத்துவந்தவருக்கு அதில் பங்கு உண்டு. தேடுபொறி நிறுவனங்களும் தேடலைத் தங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும் கூட்டாளிகளுக்குக் கூலி கொடுக்கின்றன. ஆக, உங்கள் ஒவ்வொரு தேடலுக்கும் ஒவ்வொரு சொடுக்குக்கும் சில காசுகள் விலை இருக்கிறது. திருப்பிவிடப்பட்ட தேடல் கடைசியில் யாஹூ, பிங் போன்ற உண்மையான தேடுபொறியிலேயே வந்து நிற்பதும் உண்டு. நடுவில் ஒரு தரகர் பக்கத்தைத் தொட்டுவிட்டு வந்திருக்கும், அவ்வளவுதான். கடவுச்சொல் திருடுபோனால் நாம் புகார் கொடுப்போம், வங்கி விழித்துக்கொள்ளும். வழி திரும்பினால் ‘நெட் சரியில்லை’ என்று நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அந்தப் பொறுமைதான் இந்தத் தொழிலின் முதலீடு. எப்போதும் திருப்பாமல் அவ்வப்போது மட்டும் திருப்புவதும் அதற்காகத்தான்.

சில காசு சேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்பதற்கு நீதிமன்றம் வரை போன கணக்கு ஒன்று உண்டு. எஸ்டோனியா நாட்டின் தார்த்து நகரைச் சேர்ந்த ரோவ் டிஜிட்டல் என்ற நிறுவனத்தின் ஆட்கள் 2007 முதல் 2011 வரை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் 40 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளை இப்படித் திருப்பிவிட்டார்கள். அதில் குறைந்தது 1.4 கோடி டாலர் சம்பாதித்தார்கள் என்பது அமெரிக்க அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. அவர்கள் பரப்பிய நிரலின் பெயர் டிஎன்எஸ் சேஞ்சர். பிறகு இந்த வழக்குக்கு வருகிறேன். அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு தேடல் போகும் பாதையைப் பார்த்துவிட வேண்டும்.

பிரவுசர் ஐகானை இரட்டைச் சொடுக்குப் போடுவதிலிருந்தே பாதை தொடங்குகிறது. அந்த ஐகான் வெறும் படமல்ல. எந்த நிரலை எப்படித் திறப்பது என்ற ஒரு வரிக் கட்டளை அதற்குள் இருக்கிறது. அந்த வரியின் வாலில் ஒரு முகவரியை ஒட்டிவிட்டால், பிரவுசர் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தோடுதான் திறக்கும். அடுத்தது பிரவுசரின் உள்பக்கம். நீங்கள் தட்டியது முகவரியா, தேடலா என்று பிரவுசர் முடிவு செய்கிறது. தேடல் என்றால் எந்தத் தேடுபொறிக்கு அனுப்புவது என்று தன் அமைப்புகளைப் பார்க்கிறது. பிரவுசரோடு சேர்ந்து ஓடும் நீட்சிகள், அதாவது எக்ஸ்டென்ஷன்கள், இந்த இடத்தில் குறுக்கிடலாம். விளம்பரத்தைத் தடுக்கும் நீட்சி எந்த அனுமதியை வைத்துக்கொண்டு வேலை செய்கிறதோ, கிட்டத்தட்ட அதே அனுமதியை வைத்துக்கொண்டுதான் விளம்பரத்தைத் திணிக்கும் நீட்சியும் வேலை செய்கிறது.

பிரவுசரைத் தாண்டினால் ப்ராக்ஸி அமைப்பு. நேராக இணையத்துக்குப் போவதா, ஒரு இடைக் கணினி வழியாகப் போவதா என்பதை அது சொல்கிறது. அலுவலகங்களில் இது நியாயமான ஏற்பாடு. வீட்டில் பெரும்பாலும் தேவையில்லை.

அதற்கப்புறம்தான் சுவாரசியமான கட்டம். கணினிகளுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். நாம் எழுதும் தளப்பெயரை எண்ணாக மாற்றியாக வேண்டும். 1970களில், அர்பாநெட் என்ற இணையத்தின் முன்னோடி வலையில் இணைந்திருந்தவை சில நூறு கணினிகள்தான். எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியல் முழுவதும் ஒரே ஒரு உரைக்கோப்பில் அடங்கிவிட்டது. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது, மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் அது சமாளிக்க முடியாமல் போனது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் பெயர்களைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, கேட்டால் விடை சொல்லும் முறை ஒன்றை வகுத்தார். அதுதான் டிஎன்எஸ். தமிழில் பெயர்த்தேடல் முறை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய கோப்பு ஒழிந்துவிடவில்லை. ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற பெயரில் இன்றும் உங்கள் விண்டோஸின் உள்ளே, சிஸ்டம்32 என்ற ஃபோல்டரின் ஆழத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. வழக்கமாக விண்டோஸ் வெளியே போய்க் கேட்பதற்கு முன் இதைத்தான் பார்க்கும். இதில் இருப்பதே இறுதி விடை. நாற்பது வருடத்துக்கு முன்பு ஓய்வு பெற்றிருக்க வேண்டிய கோப்பு தீநிரல், அதாவது மால்வேர், எழுதுபவருக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று பாருங்கள்.

அந்தக் கோப்பில் விடை இல்லாவிட்டால் கணினி ஒரு டிஎன்எஸ் சர்வரைக் கேட்கிறது. எந்தச் சர்வரைக் கேட்பது என்பதை வீடுகளில் வழக்கமாக வைஃபை ரூட்டர்தான் சொல்லிக்கொடுக்கிறது. ரூட்டருக்கு அதை இணைய இணைப்புத் தரும் நிறுவனம் சொல்லியிருக்கும். எண் கிடைத்ததும் பிரவுசர் அந்தத் தளத்தோடு பேசுகிறது. கடைசியாக, அந்தத் தளமே ‘நீங்கள் தேடும் பக்கம் இடம் மாறிவிட்டது, அங்கே போங்கள்’ என்று திருப்பி அனுப்பலாம். இது குற்றமல்ல. நாள்தோறும் எல்லாத் தளங்களும் செய்வதுதான். வங்கியில் நுழைந்ததும் வேறு பக்கத்துக்குப் போவதும், சுருக்க முகவரிகள் வேலை செய்வதும் இப்படித்தான். திசை திருப்புவது இணையத்தின் இயல்பான வேலைகளில் ஒன்று என்பதால், ‘திருப்பினால் தடு’ என்று ஆன்டிவைரஸுக்கு ஒற்றைக் கட்டளை போட்டுவிட முடியாது.

ஐகான், பிரவுசர், நீட்சி, ப்ராக்ஸி, ஹோஸ்ட்ஸ் கோப்பு, டிஎன்எஸ் அமைப்பு, ரூட்டர். இவற்றில் எந்த இடத்தில் வழி திரும்பினாலும் திரையில் தெரிவது ஒன்றுதான். நம் தடுமாற்றத்துக்குக் காரணம் இதுவே. ஏரியில் திறந்த தண்ணீர் கடைமடை வயலுக்கு வந்து சேரவில்லை என்றால் நீர்பாய்ச்சி ஏரியைத் தூர்வாரக் கிளம்ப மாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடப்பார். எந்த மதகு வரை தண்ணீர் முழுசாக ஓடுகிறது, எந்த மதகில் குறைகிறது என்று பார்ப்பார். உடைப்பு இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். கணினியிலும் அதே நடைதான் நடக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, மற்றவற்றைத் தொடாமல் இருப்பது. ஆய்வகத்தில் விஞ்ஞானி செய்வதும் இதைத்தான்.

முதல் சோதனைக்குக் கணினியே வேண்டாம். அதே வைஃபையில் கைபேசியை இணைத்து அதே தேடலைச் செய்யுங்கள். கைபேசியும் வழி தவறினால் குற்றவாளி உங்கள் கணினிக்குள் இருக்க வாய்ப்பு குறைவு. ரூட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. உறுதிசெய்ய, கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். அப்போது சரியாக வந்தால் சந்தேகம் ரூட்டர் மேல் வலுக்கிறது. இந்த நிலையில் கணினியை நூறு முறை ஃபார்மேட் செய்தாலும் ரூட்டர் புதுக் கணினிக்கும் அதே தவறான டிஎன்எஸ் எண்ணைத்தான் ஊட்டும்.

கைபேசி சரியாக இருந்தால் கணினிக்கு வாருங்கள். குரோமில் பிரச்சினை என்றால் எட்ஜிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ அதே தேடலைச் செய்யுங்கள். ஒரு பிரவுசரில் மட்டும் வந்தால் கோளாறு அதற்குள்ளேயே இருக்கிறது. எல்லாவற்றிலும் வந்தால், எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், அதாவது ப்ராக்ஸி, ஹோஸ்ட்ஸ், டிஎன்எஸ் ஆகியவற்றிலோ பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு நிரலிலோ இருக்கிறது. ஒரு பிரவுசர்தான் என்று தெரிந்தால் அடுத்த சோதனை இன்காக்னிட்டோ ஜன்னல். நாமாக அனுமதி கொடுத்திருந்தால் ஒழிய நீட்சிகள் அங்கே ஓடாது. சாதாரண ஜன்னலில் திரும்புகிறது, இன்காக்னிட்டோவில் திரும்பவில்லை என்றால் முதல் சந்தேகம் ஒரு நீட்சி மேல். எல்லா நீட்சிகளையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக உயிர்ப்பித்தால் ஆள் அகப்பட்டுவிடுவான். என் அனுபவத்தில் ‘பிடிஎஃப் மாற்றி’, ‘வீடியோ டவுன்லோடர்’, ‘கூப்பன் தேடி’ போன்ற பெயர்கள்தான் முதலில் கண்ணில் படும்.

டிஎன்எஸ் சோதனையில் ஒரு கண்ணி உண்டு. கணினியைக் கேட்டு ஒரு தளத்தின் எண்ணை வாங்கி, இன்னொரு இடத்தில் வாங்கிய எண்ணோடு ஒப்பிடலாம் என்று தோன்றும். பெரிய தளங்கள் வெவ்வேறு ஊர்க்காரர்களுக்கு வெவ்வேறு எண்ணைத் தருவது வழக்கம். எண் வேறாக இருப்பது மட்டுமே குற்றத்துக்குச் சான்று ஆகாது. விடையை விட்டுவிட்டு, விடை சொன்னவர் யார் என்று பார்ப்பதே நம்பகமான வழி. விண்டோஸ் நெட்வொர்க் அமைப்புகளில் டிஎன்எஸ் சர்வர் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். அது ரூட்டரின் எண்ணாகவோ, உங்கள் இணைய நிறுவனத்தின் எண்ணாகவோ, கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1, குவாட்9இன் 9.9.9.9 போல ஊரறிந்த எண்ணாகவோ இருந்தால் சரி. நீங்கள் போடாத, யாருக்கும் தெரியாத எண் என்றால் அங்கேதான் கரை உடைந்திருக்கிறது.

எஸ்டோனியாக்காரர்கள் உடைத்த இடம் இதுவே. ‘இந்த வீடியோவைப் பார்க்க ஒரு சிறு நிரல் வேண்டும்’ என்ற பொய்யோடு டிஎன்எஸ் சேஞ்சர் கணினிக்குள் இறங்கும். டிஎன்எஸ் சர்வர் எண்ணை மாற்றி, தங்கள் சர்வரின் எண்ணைப் போட்டுவிடும். அதற்குப் பிறகு எந்தப் பெயருக்கு எந்த எண் என்று சொல்லும் அதிகாரம் அவர்கள் கையில். ஆப்பிளின் ஐட்யூன்ஸ் தேடியவர்களை ஆப்பிளுக்குச் சம்பந்தமில்லாத கடைக்கு அனுப்பினார்கள். அமெரிக்க வருமானவரித் துறையைத் தேடியவர்களை ஒரு தனியார் வரி நிறுவனத்தின் பக்கத்துக்கு அனுப்பினார்கள். சில செய்தித்தளங்களில் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, அதிலிருந்த விளம்பரத்தை மட்டும் மாற்றினார்கள். இன்னொரு வேலையும் நடந்தது. வீட்டு ரூட்டர்களில் தயாரிப்பாளர் போட்டுத்தந்த பயனர்பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாமல் இருந்தால், இந்த நிரல் அவற்றைப் பயன்படுத்தி ரூட்டருக்குள்ளும் நுழைந்து டிஎன்எஸ் எண்ணை மாற்ற முயன்றது. கணினியைச் சுத்தம் செய்த பிறகும் வழி திரும்புவதற்கான காரணங்களில் இது ஒன்று.

2011 நவம்பரில் எஃப்பிஐ ஆறு எஸ்டோனியர்கள், ஒரு ரஷ்யர் மீது வழக்குப் பதிந்தது. எஸ்டோனியர்கள் அங்கேயே கைதானார்கள். அதோடு ஒரு விசித்திரச் சிக்கல் எழுந்தது. குற்றவாளிகளின் சர்வர்களைப் பறிமுதல் செய்து அணைத்தால், அவற்றை நம்பியிருக்கும் லட்சக்கணக்கான கணினிகளுக்கு எந்தப் பெயருக்கும் எண் கிடைக்காது. உரிமையாளர்களுக்கு இணையமே அறுந்ததாகத் தோன்றும். எனவே நீதிமன்ற அனுமதியோடு, ஐஎஸ்சி என்ற லாப நோக்கமற்ற அமைப்பு அதே எண்களில் நேர்மையான டிஎன்எஸ் சர்வர்களை வைத்து நடத்தியது. முதலில் 2012 மார்ச் 8 வரை என்றார்கள். கணினிகள் சுத்தமாகவில்லை. ஜூலை 9 வரை நீட்டித்தார்கள். அன்று விளக்கை அணைத்தபோதும் உலகெங்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் அந்தச் சர்வர்களைக் கேட்டுக்கொண்டிருந்தன. கும்பலின் தலைவன் விளாதிமிர் சாஸ்ட்சினுக்கு 2016இல் ஏழு ஆண்டு மூன்று மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அந்த எட்டு மாதங்களில் மக்கள் தங்கள் கணினியைச் சோதித்துக்கொள்ள ஒரு தளம் அமைத்தார்கள். அதன் எளிமை எனக்கு மிகவும் பிடித்தது. தளத்தின் பெயர் எல்லோருக்கும் ஒன்றுதான். மாற்று சர்வர்கள் அந்தப் பெயருக்கு ஒரு எண் சொல்லும், உலகின் மற்ற டிஎன்எஸ் சர்வர்கள் இன்னொரு எண் சொல்லும். முதல் எண்ணுக்குப் போனால் சிவப்புப் பக்கம், இரண்டாவதற்குப் போனால் பச்சைப் பக்கம். எந்த நிரலையும் இறக்க வேண்டாம், எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம். வழி திரும்பியிருக்கிறதா என்பதை, வழியில் அனுப்பிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள். இதிலும் ஓட்டை உண்டு. சில இணைய நிறுவனங்கள் வாடிக்கையாளரின் டிஎன்எஸ் கேள்விகளைத் தாங்களே நடுவில் பிடித்துச் சரியான விடை கொடுத்தன. அப்படிப்பட்டவர்களுக்குத் தொற்று இருந்தாலும் பச்சையே தெரியும்.

அதே 2011இல் கூகுளும் இதுபோல ஒன்றைக் கண்டது. ஒரு தரவு மையத்தில் வழக்கமான பராமரிப்பு நடந்தபோது வழக்கத்துக்கு மாறான தேடல்கள் வருவதைப் பொறியாளர்கள் கவனித்தார்கள். தேடினால், ஒருவகைத் தீநிரல் தொற்றிய கணினிகள் கூகுளிடம் நேராக வராமல் சில இடைக் கணினிகள் வழியாக வந்துகொண்டிருந்தன. அதாவது ப்ராக்ஸி மடையில் உடைப்பு. அந்த வழியாக வருபவர்களுக்கு மட்டும் தேடல் பக்கத்தின் மேலே ‘உங்கள் கணினியில் தொற்று இருப்பதாகத் தெரிகிறது’ என்று கூகுள் எழுதிக் காட்டியது. போலி வைரஸ் எச்சரிக்கைகளைப் பார்த்துச் சலித்தவர்கள் அதையும் போலி என்று நினைக்கலாமே என்ற கவலையும் உடனே எழுந்தது. நியாயமான கவலைதான்.

உடைப்பை அடைத்தாயிற்று, மறுநாள் மறுபடி உடைந்திருக்கிறது என்றால், இரவில் யாரோ வந்து வெட்டுகிறார்கள் என்று பொருள். திசைதிருப்பும் நிரல்களை நீக்குவதில் மிகுந்த சலிப்பு தரும் பகுதி இது. திருப்பும் வேலையை ஒரு நிரலும், திருப்பியது நிலைத்திருக்கிறதா என்று காவல் காக்கும் வேலையை இன்னொன்றும் பார்க்கும். முகப்புப் பக்கத்தை நீங்கள் சரிசெய்தால், கணினி அடுத்த முறை தொடங்கும்போது காவல் நிரல் அதைத் திரும்பவும் மாற்றிவிடும். அது ஒளிந்திருக்கக்கூடிய இடங்களும் ஓரளவு தெரிந்தவைதான். ஸ்டார்ட்அப் பட்டியல், விண்டோஸின் சர்வீஸ்கள், குறித்த நேரத்தில் தானே ஓடும் டாஸ்க் ஷெட்யூலர், பிரவுசர் பாலிசிகள் ஆகியவை.

இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பதை நடைமுறையில் பயன்படுத்திக் காட்டியவர் மெரெய்ன் பெல்லெகாம் என்ற நெதர்லாந்து இளைஞர். 2003 வாக்கில் கூல்வெப்சர்ச் என்ற திசைதிருப்பி பெரும் தொல்லையாக இருந்தது. அவர் எழுதிய ஹைஜாக்திஸ் என்ற சிறு நிரல் எதையும் நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாது. தானாகத் தொடங்கும் நிரல்கள், ஹோஸ்ட்ஸ் கோப்பின் வரிகள், டிஎன்எஸ் எண்கள் என்று வழக்கமாக உடைபடும் இடங்கள் ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று பட்டியல் மட்டும் கொடுக்கும். விவரம் தெரிந்தவர்கள் படித்துப் பார்த்து எதை நீக்கலாம் என்று சொன்னார்கள். பட்டியலில் இருப்பதெல்லாம் குற்றவாளி என்று எண்ணி மொத்தத்தையும் அழித்தவர்கள் கணினியையே முடக்கிக்கொண்டார்கள்.

குரோமின் மெனுவில் ‘உங்கள் பிரவுசரை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற வரி தெரிகிறதா பாருங்கள். அலுவலகக் கணினி என்றால் சரி. வீட்டுக் கணினியை எந்த நிறுவனம் நிர்வகிக்கிறது? நிறுவனங்களுக்கென்று இருக்கும் பாலிசி வசதியைப் பயன்படுத்தி, ‘இந்த நீட்சியை நீக்க முடியாது’ என்று தீநிரல் பூட்டுப் போட்டிருக்கலாம். நீட்சிக்குப் பக்கத்தில் நீக்கும் பொத்தானே இல்லாமல் போவது இதனால்தான். சில ஆன்டிவைரஸ்களும் இந்த வரியை வரவழைக்கும் என்பதால் பார்த்தவுடன் பதற வேண்டாம். எந்த பாலிசி, யார் போட்டது என்று பாருங்கள்.

பயன்படுத்தும் கூகுள் கணக்கோடு பிரவுசரை ஒத்திசைத்திருந்தால், அதாவது சிங்க் செய்திருந்தால், நீட்சிகளும் அமைப்புகளும் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஃபார்மேட் போட்டு, புது விண்டோஸ் ஏற்றி, குரோமில் உள்நுழைந்ததும், பழைய நீட்சி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘ஃபார்மேட் போட்டும் போகல, பயங்கரமான வைரஸ்’ என்று வியப்பவர்களில் சிலருக்கு நேர்ந்திருப்பது இதுதான். பயங்கரம் ஒன்றுமில்லை. நாமே கைப்பிடித்து அழைத்துவந்திருக்கிறோம்.

உண்மையிலேயே பயங்கரமான வகையும் இருந்தது, இல்லாமல் இல்லை. 2010 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. அதை ஏற்றிய பல விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோயின. பழி மைக்ரோசாஃப்ட் மேல் விழுந்தது. ஆராய்ந்து பார்த்தபோது, நின்றுபோன கணினிகளில் அலூரியான் என்ற தீநிரல் ஏற்கெனவே குடியிருந்தது தெரியவந்தது. தேடல் முடிவுகளைத் திருப்புவது அதன் வேலைகளில் ஒன்று. விண்டோஸின் கருநிரலில் எந்தெந்தப் பகுதி எங்கே இருக்கும் என்று அது முன்கூட்டியே குறித்துவைத்திருந்தது. திருத்தம் வந்ததும் இடங்கள் நகர்ந்தன. தீநிரல் இல்லாத இடத்தைத் தொட்டது, கணினி விழுந்தது. அதுவரை அது இருப்பதே அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. சில நாட்களிலேயே தீநிரலை எழுதியவர்கள் தங்கள் தவறைத் திருத்திப் புதிய பதிப்பை அனுப்பிவிட்டார்கள். சில மென்பொருள் நிறுவனங்களைவிடச் சுறுசுறுப்பு.

இவ்வகைக்கு ரூட்கிட் என்று பெயர். வேரோடி மறைந்திருக்கும் நிரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் ஓடும்போது கோப்புகளைக் காட்டச் சொன்னால், தன்னை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் காட்டும். கேள்வியும் அதன் வழியாகத்தான் போகிறது, விடையும் அதன் வழியாகத்தான் வருகிறது. ஆகவே விண்டோஸை ஓடவிடாமல், வெளியிலிருந்து வட்டைப் படிக்க வேண்டும். விண்டோஸ் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன்’ ஸ்கேன் கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் எழும்புவதற்கு முன் தேடுவது இதற்காகத்தான். 2012இல் விண்டோஸ் 8உடன் வந்த செக்யூர் பூட், விண்டோஸுக்கு முன்னால் ஏறி உட்காரும் நிரல்களின் வழியைப் பெருமளவு அடைத்தது.

இன்றைய நிலைமை கொஞ்சம் வேறு. பெரும்பாலான தளங்கள் இப்போது மறையாக்கம் செய்த இணைப்பில் வருகின்றன. டிஎன்எஸ்ஸை மாற்றி உங்களை வேறொரு கணினிக்கு அனுப்பினாலும், அந்தக் கணினியிடம் உண்மையான தளத்தின் சான்றிதழ் இருக்காது. பிரவுசர் பெரிய எச்சரிக்கையோடு நிறுத்திவிடும். ஆகவே திருப்புபவர்கள் பிரவுசருக்குள்ளேயே, நீட்சியாக வந்து உட்காருவதை விரும்புகிறார்கள். மறையாக்கம் அவிழ்ந்த பிறகு எல்லாம் அங்கே வெட்டவெளிச்சம் அல்லவா.

சான்றிதழையே ஏமாற்றியவர்களும் உண்டு. 2014இன் பிற்பகுதியில் விற்பனையான சில லெனோவோ மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரலை நிறுவனமே போட்டு அனுப்பியிருந்தது. அது தன் சொந்தச் சான்றிதழை விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, மறையாக்கிய பக்கங்களுக்குள்ளும் விளம்பரத்தைச் சொருகியது. எல்லாக் கணினிகளிலும் ஒரே சாவி. 2015 பிப்ரவரியில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். நிரலை அன்இன்ஸ்டால் செய்தாலும் சான்றிதழ் அங்கேயே தங்கியது. நிரலை நீக்குவது ஒரு வேலை, அது மாற்றிவைத்தவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது இன்னொரு வேலை.

வெறும் விளம்பரம்தானே என்று விட்டுவிடலாமா? 2017 ஜூனில் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஃபயர்பால் என்ற திசைதிருப்பியைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. உலகில் 25 கோடிக் கணினிகள், இந்தியாவில் மட்டும் இரண்டரைக் கோடி என்பது அவர்கள் மதிப்பீடு. இது மிகைப்படுத்தல் என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. எண்ணிக்கை எதுவானாலும், தேடலைத் திருப்பிய அதே நிரலால் வேறு எந்த நிரலையும் இறக்கி ஓடவிட முடியும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. இன்று விளம்பரம் காட்டுபவர் நாளை என்ன காட்டுவார் என்பது அவர் இஷ்டம்.

நீக்கும் வேலையில் இறங்குபவர் நினைவில் வைக்க வேண்டிய முதல் செய்தி, கோளாறான கணினியிலேயே ‘இதை நீக்குவது எப்படி’ என்று தேடக் கூடாது என்பது. அந்தத் தேடலும் திரும்பும். போய் நிற்குமிடம் போலி நீக்கும் கருவியாகவோ, ‘இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்னும் மோசடியாகவோ இருக்கலாம். சுத்தமான இன்னொரு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். பிறகு வரிசை இப்படி. சிங்க்கை நிறுத்துங்கள். அண்மையில் நீங்கள் அறியாமல் வந்த நிரல்களை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். சந்தேக நீட்சிகளை நீக்கிவிட்டு பிரவுசரை ரீசெட் செய்யுங்கள். ‘இந்தத் தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதிக்கவா’ என்று கேட்டதற்கெல்லாம் சம்மதித்திருந்தால் அந்தப் பட்டியலையும் காலி செய்யுங்கள். ப்ராக்ஸி, ஹோஸ்ட்ஸ், டிஎன்எஸ் மூன்றையும் கண்ணால் பாருங்கள். அதன் பிறகு மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் போன்ற இலவசக் கருவி ஒன்றையும் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனையும் ஓடவிடுங்கள். இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 முதல் நடக்கிறது. அதன் தளத்திலும் இலவச நீக்கும் கருவிகள் உண்டு. ரூட்டர் மேல் சந்தேகம் என்றால் அதை ஃபேக்டரி ரீசெட் செய்து, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, அதன் மென்பொருளைப் புதுப்பியுங்கள்.

இவ்வளவும் செய்து, ஆஃப்லைன் ஸ்கேன் ரூட்கிட் என்று சொன்னாலோ, நீக்கிய பிறகும் காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப வந்தாலோ ஃபார்மேட் சரியான முடிவு. அப்போது தயங்க வேண்டாம். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் பிரதி எடுங்கள், பழைய இன்ஸ்டாலர் கோப்புகளை விட்டுவிடுங்கள். சிங்க் பட்டியலைச் சுத்தம் செய்த பிறகே புது விண்டோஸில் உள்நுழையுங்கள்.

எந்த வழியில் சுத்தம் செய்திருந்தாலும் மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான சாதனத்திலிருந்து மாற்றிவிடுங்கள். திருப்பிவிட்ட பக்கத்தில் அட்டை விவரத்தையோ ஓடிபியையோ கொடுத்துப் பணம் போயிருந்தால் கணினியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே அழையுங்கள்.